கண்ணாடி முன் நிற்கும் நேரம்



ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்படிப்பு நேரம். மதுரைக்கு வெளியே வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு நிழல் தாங்கலில் பணிவிடை நடக்கிறது. பள்ளியறையில் விளக்குகள் எரிகின்றன, நடுவே கண்ணாடி. தலைப்பாகை கட்டிய ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து சொல்கிறார்கள். அந்த நேரத்தில் ஒருவருடைய இடுப்பில் கைபேசி ஒலிக்கிறது. மேலே சட்டை இல்லாததால் வைப்பதற்குப் பையும் இல்லை. வேட்டி மடிப்புக்குள் செருகி வைத்திருக்கிறார். அதை உருவி எடுத்து நிறுத்துவதற்குள் சினிமாப் பாட்டு இரண்டு அடி ஓடிவிடுகிறது. யாரும் அவரைக் கடிந்துகொள்வதில்லை. படிப்பு தொடர்கிறது. ஆனால் அவரோடு நின்ற நான்கைந்து பேர் தங்கள் இடுப்பையும் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். கண்கள் பள்ளியறையை நோக்கியே இருக்கின்றன. மனம் எங்கே போய்த் திரும்பியது என்பது அவரவருக்குத்தான் தெரியும்.

இந்தச் சிக்கல் மதுரையில் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2018 பிப்ரவரி 2 அன்று இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது பலருக்கும் நினைவிருக்கும். அதன்பின் கோயிலின் பாதுகாப்பு பற்றிய பேச்சு எழுந்து, நீதிமன்றத்தின் ஆணைப்படி அதே ஆண்டு மார்ச் மாதம் முதல் பக்தர்கள் உள்ளே கைபேசி கொண்டுபோவது நின்றது. இன்று சித்திரை வீதிக்கு வருகிறவர்கள் செருப்பைப் போலவே கைபேசியையும் வெளியே கொடுத்துவிட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு நுழைகிறார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து இன்னொரு வழக்கு வந்தது. திருச்செந்தூர் சுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குள் பக்தர்கள் கைபேசியால் பூசைகளையும் திருவுருவங்களையும் படம் எடுக்கிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்பது வழக்கு. ஒத்தக்கடைக்கு அருகே, யானைமலையைப் பார்த்தபடி இருக்கும் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அது விசாரிக்கப்பட்டது. 2022 டிசம்பர் 2 அன்று, தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கவும், அவற்றை வாங்கி வைத்துத் திருப்பித் தர ஏற்பாடு செய்யவும் அறநிலையத் துறைக்கு நீதிமன்றம் ஆணையிட்டது.

திருச்செந்தூர் என்றதும் அன்புக்கொடி மக்களுக்கு வேறொரு நினைவு வரும். கொல்லம் ஆண்டு 1008 மாசி மாதம் 20-ஆம் நாள், ஆங்கில ஆண்டில் 1833, அய்யா வைகுண்டர் அவதாரம் கொண்டு வெளிப்பட்டது அந்தக் கடலிலிருந்துதான். முத்துக்குட்டியாக நோயுற்றிருந்தவர் கடலில் இறங்கி மறைந்தார். கரையில் தாய் வெயிலாள் அழுதபடி காத்திருந்தார். மூன்றாம் நாள்தான் கடல் அவரைத் திருப்பித் தந்தது. அந்த மூன்று நாளும் அந்தத் தாயின் கண் அலையை விட்டு வேறெங்கே போயிருக்கும்? அகிலத்திரட்டில் இந்தப் பகுதி வாசிக்கப்படும்போது பெண்கள் பக்கத்தில் அழுகை கேட்பது இன்றும் உண்டு. அதே கரையில் இன்று அலையைப் படம் எடுக்கிறவர்கள் அநேகம். எடுப்பது தவறு என்று சொல்வதற்கில்லை. எடுத்த பிறகு ஒரு நிமிடமாவது அலையைப் பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி.

நீதிமன்றத் தடைக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கும் மதுரையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2019 ஏப்ரல் 3 அன்று இதே மதுரைக் கிளை டிக்டாக் செயலிக்கு இடைக்காலத் தடை விதிக்கும்படி கூறியது. மூன்று வாரங்களில், 24-ஆம் தேதி, அந்தத் தடை நீங்கியது. அடுத்த ஆண்டு ஜூன் 29 அன்று மத்திய அரசே வேறு காரணத்துக்காக அந்தச் செயலியைத் தடை செய்தது. செயலி போயே போய்விட்டது. குறுங்காணொளி பார்க்கும் பழக்கம் போனதா? போகவில்லை. வேறொரு செயலியில், அதே விரல் அதேபோல மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. ஆணை பொருளைத்தான் நிறுத்தும். விரலை நிறுத்த வேறொன்று வேண்டும்.

நிழல் தாங்கல் வாசலில் கைபேசியை வாங்கி வைக்கிறவர் யாரும் இல்லை. சீட்டு இல்லை, சோதனை இல்லை. உண்டியல் முன்னால் நின்று காசு கேட்கிறவரும் இல்லாத இடம் அது. அய்யா வைகுண்டர் அமைத்த வழிபாட்டில் பூசாரி நடுவில் நிற்பதில்லை; பலியும் காணிக்கையும் இல்லை. ஒருவர் தாமாக வந்து, தாமாக நின்று, தாமாகக் கட்டுப்பட வேண்டும். அதனால் மீனாட்சியம்மன் கோயிலில் காவலர் செய்யும் வேலையை நிழல் தாங்கலில் வணங்குகிறவரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இது சலுகை போலத் தோன்றும்; உண்மையில் கூடுதல் பொறுப்பு.

தாமாகக் கட்டுப்படுவது எப்படி என்பதற்குத் துவையல் தவசைவிடச் சிறந்த பாடம் இல்லை. அய்யாவின் சொல்லை ஏற்று எழுநூறு குடும்பங்கள் வீட்டையும் வேலையையும் விட்டுக் கடலோரத்தில் வாகைப்பதிக்குச் சென்றார்கள். நாள்தோறும் கடலில் நீராடினார்கள். உடுத்திய துணியைத் துவைத்தார்கள். மிகக் குறைந்த உணவை உண்டார்கள். அவர்களைக் கட்டிப்போட்ட காவலர் யாரும் இல்லை. திருவிதாங்கூர் அரசோ அவர்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. அய்யாவையே சிங்காரத்தோப்பில் சிறை வைத்திருந்த அரசு அது. அத்தனைக்கும் நடுவே அம்மக்கள் தங்கள் தவசை விடவில்லை. துவைத்த துணி மறுநாளும் அழுக்காகும், மறுநாளும் துவைக்க வேண்டும். அவர்கள் அதை அலுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கைபேசியைப் பற்றி இன்று எடுக்கும் முடிவும் அப்படிப்பட்டதுதான். ‘இனிமேல் பார்க்க மாட்டேன்’ என்று ஒருவர் ஒரே நாளில் சபதம் போட்டால் அது வெள்ளிக்கிழமைக்குள் கரைந்துவிடும். இன்றைக்கு இன்றைக்கென்று துவைத்தால்தான் துணி வெளுக்கும்.

வேறொரு காரணத்தாலும் இந்தச் செய்தி அய்யாவழி மக்களுக்கு மற்றவர்களைவிட நெருக்கமானது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அய்யா வாழ்ந்த காலத்தில் திருவிதாங்கூரில் ஒரு சாதியார் இன்னொரு சாதியாரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. ஒடுக்கப்பட்டவர்கள் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு அணியக் கூடாது. பெண்கள் தோளை மறைக்கக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் செல்வதும் குற்றம். தோள்சீலை அணியும் உரிமை அரசு ஆணையாக வந்தது 1859 ஜூலை 26 அன்றுதான். அய்யா வைகுண்டம் ஏகியது 1851-இல். எட்டு ஆண்டு கழித்து வந்த ஆணை அது. இந்தத் தடைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவற்றின் உள்நோக்கம் தெரியும். ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் முகத்தை நேராகப் பார்க்கக் கூடாது. எதிரே ஒருவர் வந்தால் குனிய வேண்டும், ஒதுங்க வேண்டும், மறைய வேண்டும்.

அய்யா அந்தக் குனிவை நிமிர்த்தினார். தலையில் துண்டைப் பாகையாகக் கட்டச் சொன்னார். சாமிதோப்பில் முத்திரிக் கிணற்றை அமைத்து, எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்று நீரில் நீராடச் செய்தார். ஒரே இடத்தில் அமர்ந்து உண்ணச் செய்தார். ஒரே கிணற்றைச் சுற்றி நின்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தண்ணீர் இறைக்க முடியாது. ஒரே பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையில் என்ன குறைகிறது என்று தெரியாமல் போகாது. முகம் பார்ப்பது என்பது அம்மக்களுக்குச் சும்மா கிடைத்ததல்ல. சிறைக்கும் வரிக்கும் அடிக்கும் நடுவே கிடைத்த சொத்து.

இப்போது பந்தியில் பாருங்கள். தோளோடு தோள் சேர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் யாரையும் தள்ளி இருக்கச் சொல்லவில்லை. ஆனால் இலை போட்டுச் சோறு வரும் வரைக்குமான ஐந்து நிமிடத்தில், தலைப்பாகை கட்டிய தலைகள் வரிசையாகக் குனிந்திருக்கின்றன. அந்தக் காலக் குனிவும் இதுவும் ஒன்றல்ல. அது பிறர் சுமத்திய கொடுமை; இது தானாக வந்த பழக்கம். இரண்டையும் ஒப்பிடுவதே முன்னோர்க்கு மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால் அதிலும் நியாயம் உண்டு. என்றாலும் நிமிரச் சொல்லிக் கட்டிய பாகை குனிந்து கிடப்பதைப் பார்க்கும்போது, வயதான அன்பர்களுக்கு நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது. பக்கத்தில் இருப்பவர் எந்த ஊர், எப்போது மதுரைக்கு வந்தார், பிள்ளைக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஐந்து நிமிடம் அது. சாதியும் ஊரும் கேட்காமல் கூட்டி உட்கார வைத்த இடத்தில், மனிதரையும் கேட்காமல் எழுந்து போகிறார்கள்.

பள்ளியறைக் கண்ணாடிக்கு வருவோம். வேறு கோயில்களில் மூலவர் இருக்கும் இடத்தில் அய்யாவழியில் கண்ணாடி இருக்கிறது. விளக்கின் ஒளியில், வணங்குகிறவரின் முகம் அவருக்கே தெரிகிறது. இறைவன் உள்ளே இருக்கிறான், அவனைத் தேடி வெளியே அலைய வேண்டாம் என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். சிறு பிள்ளைகளுக்கு இதைவிட எளிமையாகவும் சொல்வதுண்டு: நெற்றியில் நாமம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள், அப்படியே மனசும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

கைபேசியிலும் ஒரு கண்ணாடி இருக்கிறது. செல்ஃபி எடுக்கும்போது தெரிவதும் சொந்த முகம்தான். ஆனால் அதைப் பார்க்கும் பார்வை வேறு. அங்கே முகம் தனக்காகத் தெரிவதில்லை. பிறருக்குக் காட்டுவதற்காகத் தெரிகிறது. தலையைச் சற்றுச் சாய்க்கலாம், நிறத்தை ஏற்றலாம், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு வேறொன்று எடுக்கலாம். பள்ளியறைக் கண்ணாடியில் அது எதுவும் முடியாது. காலையில் தாயிடம் எரிந்து விழுந்தவன் அதே முகத்தோடுதான் அங்கே நிற்க வேண்டும். கடன் கொடுத்தவரின் அழைப்பை எடுக்காமல் விட்டவனும் அப்படியே. அந்த முகத்தை ஒரு நிமிடம் பார்க்கத் துணிவு வேண்டும். துணிவு இல்லாத நேரத்தில் கை தானாகக் கைபேசியைத் தேடுகிறது. இதைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கைபேசி அதிகம் எடுக்கப்படுவது வேலை அதிகமான நேரத்தில் அல்ல, மனம் தன்னோடு இருக்கப் பிடிக்காத நேரத்தில்.

கைபேசியை விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். ஆனால் மதுரையில் பிழைப்பு நடத்தும் அன்புக்கொடி மக்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளலாம். ஊர் கன்னியாகுமரிக்குப் பக்கம். அப்பா காலத்தில் மதுரைக்கு வந்து, அவனியாபுரம் பக்கம் ஒரு மளிகைக் கடை. காலை ஆறு மணிக்குத் திறந்தால் இரவு பத்து. கீழமாசி வீதி மொத்தக் கடைக்குச் சரக்குச் சொல்வது வாட்ஸ்அப்பில். வாடிக்கையாளர் மாதச் சாமான் பட்டியல் அனுப்புவதும் அதில்தான். கல்லாப்பெட்டி மேல் இருக்கும் சிறிய ஒலிபெருக்கி, பணம் வந்துவிட்டது என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இவரிடம் போய்க் கைபேசி மாயை, விட்டுவிடு என்றால், கடையை மூடச் சொல்வதாகத்தான் அர்த்தம்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அவருடைய தாய் ஊரில் தனியாக இருக்கிறார். மதுரைக்கு வரச் சொன்னால், தாங்கலை விட்டு வர மாட்டேன் என்கிறார். இருநூற்று ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் தாயின் குரல் தினம் காதில் விழுவது கைபேசியால்தான். அந்தக் காலத்தில் ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. கடிதம் வரும் வரை காத்திருந்தார்கள், சில நேரம் தந்தி வந்தது. தந்தி என்றாலே வயிறு கலங்கும்.

கடையை அடைத்து வீட்டுக்கு வந்து, இரவு பத்தரைக்குத் தட்டின் முன் உட்காரும்போது தாய் அழைப்பார். ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, அதே திரையில் வேறு எதையோ தள்ளிக்கொண்டே பேசுவது இவர் வழக்கம்.

“மக்கா, சாப்பிட்டியா?”

“ம்.”

“இன்னைக்குத் தாங்கல்ல நல்ல கூட்டம். உன்னக் கேட்டாவ.”

“ம்.”

“கேக்கியா மக்கா?”

“கேக்கேன், சொல்லும்மா.”

“இந்தக் கால் முட்டுதான்...”

“சரிம்மா.”

சரி சொல்லும் இடம் அதுவல்ல. தாய்க்கு அது தெரியும். மகனின் குரலுக்குப் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தமும், அது அறுந்து வேறொரு பாட்டு தொடங்குவதும் அங்கே கேட்கிறது. “சரி மக்கா, நீ தூங்கு” என்று வைத்துவிடுகிறார். அன்று காலையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததைச் சொல்லத்தான் அழைத்திருந்தார். நான்கு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் மகனுக்குத் தெரிகிறது. அன்று கடையில் நின்றபடி அவர் கல்லாப்பெட்டியைப் பூட்டாமலே வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

இப்படி நடக்காத வீடு குறைவு. ஊர் மாறும், விழுந்த இடம் மாறும். கைபேசி தாயை வீட்டுக்குள் கொண்டுவந்தது, அதே கைபேசி அவரை வாசலிலேயே நிறுத்தியும் வைத்தது. ஆகவே குற்றம் கருவியில் என்று ஒதுக்குவதற்கில்லை. அந்த மகனைக் கொடியவன் என்று சொல்வதற்கும் இல்லை. பதினாறு மணி நேரம் நின்ற களைப்பு அவருக்கு. களைத்த மனம் எளிதாகக் கிடைப்பதைப் பற்றிக்கொள்ளும்.

அவர் செய்த மாற்றம் மிகச் சிறியது. அழைப்பு வந்தால் ஒலிபெருக்கியில் போடுவதில்லை. பழைய முறையில் காதில் வைத்துப் பேசுகிறார். காதில் இருக்கும்போது திரை தெரியாது. சோற்றின் முன் உட்கார்ந்து பேசுவதும் இல்லை. கடையை அடைத்ததும் வாசல் பலகையில் உட்கார்ந்து அவரே தாயை அழைத்துவிடுகிறார். பத்து நிமிடம். பிறகு வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு நேரம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். கைபேசியைக் குறைக்கப் பெரிய விரதங்களைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட சின்ன ஏற்பாடுகள்தான் நிலைக்கின்றன.

பிள்ளைகளைப் பற்றியும் இங்கே ஒரு சொல். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே காட்டக் கூடாது, இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைவாக இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. சோறு ஊட்டுவதற்குக் கைபேசியைக் காட்டும் தாய்மார்களை இதற்காகத் திட்டுகிறார்கள். தாயைத் திட்டுமுன் அந்த வீட்டில் மற்றவர்கள் எங்கே என்று பார்க்க வேண்டும். முன்பு நிலாவையும் காக்காயையும் காட்டி ஊட்டப் பாட்டி இருந்தார், பக்கத்து வீட்டு அக்காள் இருந்தார். இப்போது மாடி வீட்டில் தாய் ஒருத்தி மட்டும். அப்பா அந்தப் பத்து நிமிடம் தம் கைபேசியை வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டால், குழந்தைக்குத் திரை தேவைப்படாது.

அன்னதர்மத்தைச் சொல்லாமல் அய்யாவழியில் எந்தப் பாடமும் நிறைவுபெறாது. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்று அய்யா கற்பித்தார். தாங்குவதற்கு முன் ஒன்று நடக்க வேண்டும்: அவர் தாழ்ந்து கிடக்கிறார் என்பது கண்ணில் பட வேண்டும். வெயில் நேரத்தில் தாங்கலுக்கு வெளியே, உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கி நிற்கும் கூலித் தொழிலாளி ஒருவர் இருப்பார். மேலூர்ப் பக்கம் நடவு முடிந்து வந்தவராக இருக்கலாம். வழி தவறிய பயணியாகவும் இருக்கலாம். அவரை ‘வாங்க, உக்காருங்க’ என்று அழைக்க ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒருவர் அன்னதர்மத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுக்கொண்டிருந்தால், படத்தில் இலைகளும் சோறும் அழகாக விழும். வாசலில் நின்றவர் போய்விடுவார். தர்மம் நடந்ததற்குச் சாட்சி இருக்கும், தர்மம் ஒன்று குறைந்திருக்கும். பரிமாறுகிறவர்கள் ஒரு கையில் அகப்பையும் ஒரு கையில் கைபேசியுமாக வரிசையில் நடப்பதை இப்போது சில இடங்களில் காண்கிறார்கள். இது மாற வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

திருஏடு வாசிப்புக்கு இவ்வளவு கண்டிப்பு பொருந்தாது. அரிகோபாலன் சீடர் 1841-இல் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை அச்சில் வந்தது 1939-இல்தான். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அது ஏட்டில் இருந்தது. மக்களிடம் இருந்தது காதில். எழுத்தறியாத தாய்மார்கள் கேட்டுக் கேட்டே பக்கம் பக்கமாகச் சொன்னார்கள். அந்த நூலின் அமைப்பே கேட்பதில்தான் இருக்கிறது. திருமால் சொல்ல, இலட்சுமி தேவி கேட்கிறார். அந்தக் கேள்வியின் மேல்தான் உலகக் கதை முழுவதும் விரிகிறது. கேட்கிறவர் ஒருவர் இல்லாமல் அகிலம் தொடங்கவே இல்லை.

கார்த்திகை மாதத்தில் சாமிதோப்புத் தலைமைப் பதியில் பதினேழு நாள் வாசிப்பு நடக்கும்போது மதுரையிலிருந்து எல்லோராலும் போய்த் தங்க முடியாது. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் முடியாது. அவர்களுக்குக் கைபேசியில் வரும் ஒலிபரப்பு ஒரு நிழல் தாங்கல் போலத்தான். அதைக் குறை சொல்லக் கூடாது. நேரில் உட்கார்ந்திருக்கும் இருபது பேரும் ஆளுக்கொரு கைபேசியை உயர்த்திப் பிடிப்பதுதான் வீண். ஒருவர் எடுத்தால் போதும். அதையும் ஒரு தூணருகே நிறுத்தி வைத்துவிட்டு அவரும் வந்து உட்காரலாம். திருக்கல்யாண வாசிப்பு நாளில் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்று முழுவதும் பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் பிறகு அதைத் திறந்து கேட்டார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் சிரிப்புத்தான் பதில்.

சில தாங்கல்களில் இளைஞர்கள் தாங்களாகவே ஓர் ஏற்பாடு செய்து பார்க்கலாம். பணிவிடை தொடங்குமுன் ஓர் ஓலைப்பெட்டியை வாசல் திண்ணையில் வைப்பது. விரும்புகிறவர் ஒலியை நிறுத்திவிட்டு அதில் வைக்கலாம். கட்டாயம் இல்லை, சீட்டும் இல்லை, காசும் இல்லை. மருத்துவமனையில் ஆள் வைத்திருப்பவரும், அவசர அழைப்பை எதிர்பார்ப்பவரும் இடுப்பிலேயே வைத்துக்கொள்ளட்டும். அவர்களை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கக் கூடாது. முதல் வாரம் பெட்டியில் மூன்று கைபேசி விழும். பெரியவர்கள் முதலில் வைத்தால் பிள்ளைகளும் வைப்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிக்கொண்டே தம் கைபேசியை விடாத பெரியவர்களும் உண்டு. காலை வணக்கப் படங்களை நாற்பது பேருக்கு அனுப்புவது பெரும்பாலும் அவர்கள்தான்.

மாசி 20 வருகிறது. அதற்கு முந்தைய இரவு மாட்டுத்தாவணியில் நாகர்கோவில் பேருந்துகளில் காவித் துண்டும் ஓலைப்பெட்டியுமாகக் கூட்டம் ஏறும். திருமங்கலம் தாண்டும் வரை எல்லோர் முகத்திலும் திரை வெளிச்சம். விருதுநகர் வந்ததும் ஒவ்வொன்றாக அணையும். கோவில்பட்டிக்கு அப்பால் பேருந்து இருட்டு. யாரோ ஒரு பாட்டி மட்டும் மெல்லிய குரலில் தனக்குள் படித்துக்கொண்டு வருவார். விடியும்போது நாகர்கோவில். ஊர்வலம் சாமிதோப்பை நோக்கி நடக்கும்.

அவனியாபுரம் கடைக்காரரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார். கடைக்கு அன்று விடுமுறை; வாடிக்கையாளர்களுக்கு முந்தைய நாளே சொல்லியாகிவிட்டது. முத்திரிக் கிணற்றடியில் தாய் அவருக்காக முன்பே வந்து நிற்கிறார், முட்டுக்கு ஒரு துணிக்கட்டோடு. நீராடப் போகிறவர்கள் தங்கள் கைபேசிகளைத் துண்டில் சுற்றிக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இவரும் கொடுக்கிறார். வாளி மேலே வருகிறது. தாய் கால் நனையாமல் ஒதுங்கப் பார்க்க, “பைய வாம்மா, நான் பிடிச்சுக்கிடுதேன்” என்று கையை நீட்டுகிறார்.